முப்பது மில்லி

"மாசமா இருந்தப்போ மது குடிச்சீங்களா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"குடிச்சேன்," என்றாள் குழந்தையின் அம்மா, தரையைப் பார்த்தபடி.

கேள்வி கேட்ட மருத்துவப் பயிற்சி மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைகள் நலப் பிரிவில் காலையிலிருந்து இது ஏழாவது குடும்பம். முந்தைய ஆறு அம்மாக்களும் 'அய்யோ, கையாலகூடத் தொட்டதில்லை' என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். இவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எட்டு மாதப் பெண் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பேனா கீழே விழுந்த சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு ஆரம்பித்த அழுகை, பத்து நிமிடமாக ஓயவில்லை. இன்னும் உட்காரத் தெரியவில்லை. எடை போதாது. புட்டியை வாயில் வைத்தால் நாலு தடவை உறிஞ்சிவிட்டுச் சோர்ந்து போகிறதாம்.

அந்த அறையில் சோர்ந்து போகாதவர் அப்பா ஒருவர்தான். மருந்துக் கடை வைத்திருப்பவர். பையிலிருந்து வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்தார். கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றை எடுத்தார். அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினார்.

"முப்பது மில்லிக்கு ஒரு ஸ்பூன் பால் பவுடர். அளவு தப்பக் கூடாது மேடம். நம்ம தொழில் அப்படி."

இப்படி ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டி, என்று நினைத்துக்கொண்டாள் மாணவி. படிவத்தைத் திருப்பினாள்.

"எப்போ குடிச்சீங்க? எவ்வளவு?"

"அது வந்து... இவரு..."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?" என்று அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். "எழுதிக்குங்க மேடம். ரெண்டாவது மாசம், என் பிறந்த நாளுக்கு அறுபது மில்லி. நாலாவது மாசம் என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்த மூணு சனிக்கிழமையும் தொண்ணூறு தொண்ணூறு. ஏழாவது மாசம் நம்ம கடையோட பத்தாவது வருஷ விருந்து, அன்னிக்கு நூத்தி இருபது."

மாணவி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பேனாவை வைத்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"வயித்துல இருக்கிற பிள்ளைக்கு மட்டும் தனி டம்ளரா வெச்சிருக்கு? நீங்க குடிச்சா தொப்புள்கொடி வழியா அதுவும் குடிக்குதும்மா! உங்களுக்குக் காலையில தெளிஞ்சிடும். அதோட மூளை அப்பதான் உருவாகிட்டிருக்கு. நாளைக்கு இவ ஒரு இடத்துல உட்கார மாட்டா. சொல்றது மனசுல நிக்காது. பொசுக்குன்னு கோபம் வரும். பார்க்கிறவங்க எல்லாம் அடங்காத பிள்ளைன்னு இவளைத்தான் திட்டுவாங்க. இவ்வளவு குடிச்சா பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. படிச்சவங்கதானே நீங்க?"

அம்மா குழந்தையைத் தோளில் போட்டு, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெதுவாக ஆட்டினாள். அழுகை விம்மலாகிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

'இப்ப மட்டும் பாசம் பொத்துக்கிட்டு வருது!' என்று நினைத்தாள் மாணவி.

"இதைத்தான் மேடம் நானும் கேக்கிறேன்," என்றார் மருந்துக் கடைக்காரர். "இப்ப நீங்க சொன்னதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கோர்ட்டுல குடுக்கணும். பிள்ளை இனிமே எங்கிட்ட இருக்கட்டும். இவ வேணும்னா மாசம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"கண்டிப்பா சார். இன்னிக்கே டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன்."

மாணவி விறுவிறுவென்று எழுதினாள். இவ்வளவு தெளிவான விவரம் இதுவரை எந்தப் படிவத்திலும் வந்ததில்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி சார். வீட்டுல ஒருத்தர் குடிச்சது மில்லி சுத்தமா உங்களுக்கு எப்படித் தெரியும்னு கோர்ட்டுல கேப்பாங்களே?"

கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பால் கலந்து முடித்த கப்பைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"கேக்கட்டுமே மேடம்! பாட்டில் இவ கைக்கே போனதில்லையே. 'பிள்ளைக்கு ஆகாது, வேண்டாம்'னு மூஞ்சியைத் திருப்பிக்குவா. ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி என் மானம் என்ன ஆகுறது? இதே கப்புல நான்தான் அளந்து ஊத்தி, கடைசிச் சொட்டு உள்ளே போற வரைக்கும் எதிர்லயே உட்கார்ந்திருப்பேன்!"