மூச்சு விடக் கூடாது

பாலத்தின் மேட்டில் ஏறும்போது பழைய பிக்கப் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது.

"மறுபடியுமா? நான் என்ன சொல்றேன்னா..." என்று வண்டிக்காரரின் மனைவி வாயெடுத்தாள்.

"நீ மூச்சு விடக் கூடாது!"

பின்னால், ஏற்றி வந்த சோபாவோடு உட்கார்ந்திருந்த அவள் தம்பி இறங்கி வந்து பானெட்டைத் திறந்தான். "மாமா, இன்ஜினுக்குப் பெட்ரோலே வரல."

"எப்படி வரும்? ஃபில்டர் புதுசு, பம்பும் புதுசு. ராத்திரியெல்லாம் வண்டி உன் வீட்டு வாசல்லதானே நிக்குது? டேங்க்ல இருந்தாத்தானே வர்றதுக்கு!"

"மாமா, நானா போய்..."

"நீயும் மூச்சு விடாத!"

திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க, அவரே டேங்க் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் நிறையவே இருந்தது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது.

"பாத்தீங்களா? நான் கை வெச்சாத்தான் கேக்கும்!"

மனைவி டேங்க் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதுல சின்னதா ஒரு ஓட்டை இருந்துச்சே?"

"அது வழியா பெட்ரோல் ஆவியாப் போகுதுன்னு நான்தான் சோப்பு வெச்சு அடைச்சேன். இனி ஒரு சொட்டு வெளியே போகாது!"

"இன்ஜினுக்கும் போகாது. எண்ணெய் டின்லகூட காத்து உள்ளே போக ஒரு ஓட்டை போட்டாத்தான் எண்ணெய் இறங்கும்."

கொண்டை ஊசியால் சோப்பைக் குத்தி எடுத்தபடி கேட்டாள்: "எங்களைத்தான் மூச்சு விடக் கூடாதுன்னீங்க. வண்டியையுமா?"