முந்திக்கொள்ளும் சுவிட்ச்

அந்தப் பழைய காரின் ரேடியேட்டர் விசிறிக்கு, கணவர் இருந்தவரை கைசுவிட்ச்தான். ஸ்டியரிங் பக்கத்தில் அவரே பொருத்தியது. ஒருநாள் அவள் கை நீட்டியதற்கு, "சூடு எப்ப ஏறும்னு உனக்கு என்ன தெரியும்?" என்று சிக்னலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அவர் போன பிறகு ஓட்டப் பழகிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள்.

"தானா ஓடுற சுவிட்ச் போட்டுடலாம்க்கா. எண்பத்திரண்டு டிகிரியில ஓடணுமா, தொண்ணூத்திரண்டுலயா?"

"தொண்ணூத்திரண்டு, தம்பி. முந்திரிக்கொட்டையோட குடும்பம் நடத்தினது போதும்."

அவன் புதியதைப் போட்டுவிட்டுப் பழைய சுவிட்சின் ஒயரை வெட்டினான். எடுத்தால் டாஷ்போர்டில் ஓட்டை தெரியும் என்று சுவிட்சை மட்டும் விட்டுவைத்தான்.

மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் முள் எண்பதைத் தொட்டது. ஒயரில்லாத சுவிட்ச் 'டிக்' என்று கீழே இறங்கியது. முன்னால் விசிறி சுற்றத் தொடங்கியது. அவள் சுவிட்சை மேலே தள்ளினாள். விசிறி நின்றது. சுவிட்ச் மறுபடி இறங்கியது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மெக்கானிக் சுவிட்சைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான்.

"இதுல ஒண்ணுமே இல்லக்கா."

"அவர்கிட்டயும்தான் ஒண்ணும் இல்ல."

வழியில் எறிந்திருக்கலாம். தோன்றவில்லை. சமையலறை இழுப்பறையில் போட்டாள்.

மாலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஜன்னலோரம் நின்றாள். பால் இன்னும் ஆடைகூடக் கட்டவில்லை. இழுப்பறைக்குள் 'டிக்' என்றது.

"எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கை அடுப்பை அணைத்திருந்தது.