பத்து வரி போதும்

“ஆறு பேரும் காப்பி அடிச்சிருக்கீங்க. ஒரு எழுத்துகூட மாறல. வெக்கமா இல்ல?”

தலைமைப் புரோகிராமர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பக்கூட இல்லை. பயிற்சிக்கு வந்த ஆறு பேரில் முதலில் அழைக்கப்பட்டவள் அவள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆறு பேருக்கும் இன்றோடு வேலை போய்விடும். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.

“நான் யாரையும் பாத்து எழுதல, சார்.”

“எல்லாத் திருடனும் இதத்தாம்மா சொல்வான்.”

தேர்வு எளியதுதான். இணையதளத்தில் கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். எழுதியதை அவர் உருவாக்கிய பக்கத்தில் ‘விடை’ என்ற பெயரில் ஏற்ற வேண்டும். வேறு பெயர் வைத்தால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளாது. நேற்று மாலை கெடு முடிந்ததும், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அவரே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தை மூடினார். அவ்வளவு கறார்.

காலையில் பட்டியலில் முதல் பெயருக்கு நேரே இருந்த விடையை இறக்கினார். குப்பை. யார் எழுதியதையும் பத்து வரிக்கு மேல் அவர் படித்ததில்லை. ஆளை எடைபோட அது போதும் என்பது அவர் கட்சி. இரண்டாவதும் அதே குப்பை. ஆறும் அதே.

“அடிச்சதுதான் அடிச்சீங்க, ஒரு நல்லவனைப் பாத்தாவது அடிச்சிருக்கலாம்ல? வர்ற ஃபைலோட அளவைக்கூடப் பாக்கல. எவனாவது முழு சினிமாவை ஏத்தினா சர்வர் வாயப் பொளந்துடும். இதை எழுதினவன் கையில கீபோர்டைக் கொடுத்ததே பாவம்.”

அவள் மேசைக்கு அருகே வந்தாள்.

“சார், ஆறு பேரும் ‘விடை’ங்கற ஒரே பேர்லதானே அனுப்பினோம்? உங்க பக்கம் அதை எந்தப் பேர்ல சேவ் பண்ணுது?”

“வந்த பேர்லதான். பின்ன வேற...”

பாதியில் நின்றார். ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, முந்தையதெல்லாம் அழிந்து, கடைசியாக வந்த ஒரே ஒரு கோப்புதான் மிஞ்சியிருக்கிறது. அதையே ஆறு முறை இறக்கியிருக்கிறார்.

தடுமாற்றம் ஒரு கணம்தான். முகம் மறுபடி விறைத்தது.

“சரி, திருட்டு இல்ல. ஆனா கடைசியா ஏத்தின மடையன் ஒருத்தன் இருக்கான்ல? அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். யாரு அது?”

“எழுதினவங்க பேரைக் கடைசி வரியில போடறதுதானே இங்க வழக்கம்? கீழ போய்ப் பாருங்க, சார்.”

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பத்தாவது வரியைத் தாண்டினார். கடைசி வரிக்கு வந்ததும் மவுஸ் மேலிருந்த கை அப்படியே நின்றது. நேற்று மாலை, பக்கத்தைச் சோதிப்பதற்காக அவசரத்தில் பெயர் மாற்றி ஏற்றிய தன் பழைய புரோகிராம் நினைவுக்கு வந்தது.

அவள் எட்டிப் பார்த்து, அந்தப் பெயரைப் படித்தாள்.

“வீட்டுக்கு எப்போ கிளம்பறீங்க, சார்?”