அவள் ஓட்டிய இத்தாலிக் கார்

“மலைப்பாதை வளைவுல அவ ஹாரன் அடிக்கவே மாட்டா சார். எங்களுக்குள்ள வந்த சண்டையெல்லாம் அதுக்குத்தான்,” என்றார் தையல்காரர்.

மதிப்பீட்டாளர் அதையும் எழுதிக்கொண்டார். பழைய கார்களை ரசிகர்களுக்கு ஏலத்தில் விடும் நிறுவனத்திலிருந்து வந்திருந்தார் அவர். எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆள் என்பதால் ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

தையல் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது கார். இத்தாலியில் செய்து ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தூரப் பயணத்துக்கென்றே பிறந்த வண்டி.

கொட்டகையை வெள்ளிக்கிழமை இடிக்கப் போகிறார்கள். இடத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் ஏலத்தில் இடம் கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் நேற்றே வந்து, தையல்காரரின் டேப்பையே இரவல் வாங்கி, காரை நீளவாக்கில் அளந்துவிட்டுப் போயிருந்தார்.

பூதக்கண்ணாடியின் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உடம்பு, பிறகு உள்ளே, பிறகு வரலாறு. எஞ்சின் மூடியைத் திறப்பது கடைசியில்தான். முதலிலேயே திறந்துவிட்டால் மனசு எஞ்சினோடு போய்விடும், மற்றது எதுவும் கண்ணில் படாது என்பது அவர் கட்சி. முப்பது வருஷமாக அந்த வரிசை மாறியதில்லை.

பெயிண்ட் பழசு, ஆனால் அசல். இரண்டு சீட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்திருந்தன. ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். இந்த வயசு வண்டிகள் நிற்கிற இடத்தில் நாலு சொட்டு எண்ணெயாவது விடும். இங்கே தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பராமரிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில் பத்துக்குப் பத்து எழுதினார். அவர் அப்படி எழுதி பதினோரு வருஷம் ஆயிற்று.

வரலாறு கேட்டதும் தையல்காரர் தன் அளவு நோட்டை எடுத்து வந்தார். முன்பக்கத்திலிருந்து புரட்டினால் வாடிக்கையாளர்களின் தோளும் இடுப்பும். பின்பக்கத்திலிருந்து புரட்டினால் பயணங்கள். தேதி, ஊர், கிளம்பிய நேரம், வழியில் வந்த சண்டை என்று இருபத்தாறு வருஷத்தில் இருபத்திரண்டு ஊர்.

ஓட்டியதெல்லாம் அவர் மனைவி. இவருக்கு மேப் பார்க்கிற உத்தியோகம். கடலோர ரோட்டில் காற்று பலமாக இருக்கும் என்று அவள் தொப்பியைக் கழற்றச் சொன்னாள். எல்லைச் சாவடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் பிளாஸ்க் காலியாகிவிட்டது. பனி பெய்கிற ஊர் ஒன்றுக்கு மட்டும் மூன்று தடவை போயிருந்தார்கள், அவளுக்கு அந்த ஊரை விட்டுத் திரும்பவே மனசு வராதாம்.

பூதக்கண்ணாடிக்குக் கை பரபரத்தது. ஒரே ஜோடி, ஒரே கார், கையால் எழுதிய பயண நோட்டு. ரசிகர்கள் இதற்கு அடித்துக்கொள்வார்கள்.

கடைசி எட்டு மாசம் நோட்டில் எழுத்து இல்லை. அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. தனியாக எங்கும் போகவில்லையா என்று விசாரித்தார். ஒருநாள் ஏறி உட்கார்ந்து மேப்பைப் பிரித்ததாகவும், பக்கத்து சீட்டைப் பார்த்ததும் துக்கம் தாங்காமல் இறங்கிவிட்டதாகவும் சொன்னார் தையல்காரர். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் லென்ஸைத் துடைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு சார்,” என்றார் தையல்காரர். “வாங்கி, துணி போட்டு மூடி, அழகு பாக்கிறவங்களுக்குக் குடுத்துடாதீங்க. ஊர் ஊராப் போறவங்க கைக்குப் போகணும். அவ கடைசியாக் கேட்டது அதான்.”

“அது என் பொறுப்பு மாஸ்டர்.”

சொன்னதோடு நிற்காமல் அங்கேயே போனை எடுத்து ஆபீஸைக் கூப்பிட்டார். ஏலப் புத்தகத்தின் அட்டைக்கு இந்தக் கார்தான், வேறு எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரும்புக்காரரை இந்தப் பக்கம் வர வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்றார் தையல்காரரிடம். தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு மாசத்தில் அவருக்கு அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

பாக்கி ஒரே ஒரு வேலைதான். பூதக்கண்ணாடி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். உள்ளே கையை விட்டுப் பிடியை இழுத்துவிட்டு, முன்னால் வந்து நீண்ட மூடியை நிதானமாகத் தூக்கினார். பார்த்தார். மூடினார். மறுபடியும் தூக்கி, லென்ஸை வைத்துப் பார்த்தார்.

தையல்காரரும் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“எஞ்சின் மட்டும் வாங்கிட்டா நெஜமாவே போயிட்டு வரலாம்னு சொல்லிட்டே இருந்தா சார்.”