நாற்பது நாள் குமட்டல்

என் கணவர் அன்செல்ம் கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறார். ஃப்ரெட் இல்லாத கிடார் ஒன்றை வாங்கியதிலிருந்துதான் தொல்லை. விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகள் அதில் கிடையாது. மயிரிழை தள்ளி அழுத்தினாலும் சுருதி விலகிவிடும். அவருக்கு எப்போதும் விலகியது.

அதனால் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பயிற்சிப் பட்டை ஒன்றை வாங்கினார். சுருதி விலகினால் அது வயிற்றைப் புரட்டும். நாற்பது நாள் வாளியும் கையுமாக உட்கார்ந்து வாசித்தார். வாளியைக் கழுவியது நான். நாற்பத்தோராம் நாள் பட்டையைக் கழற்றியபோது ஒரு விரல்கூட இடம் தப்பவில்லை. கோயிலில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள்.

பட்டை போனது. குமட்டல் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐந்து வயது மகள் பெனிட்டா அப்பா மடியில் ஏறி, புதிதாகக் கற்ற பாட்டைப் பாடினாள். இரண்டாவது வரியில் அவளைத் தள்ளிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“கால் சுரம் கீழ பாடுறா, ரோசலின். இவளுக்கும் அந்தப் பட்டைய ஒட்டிரலாம்.”

“பச்சப் பிள்ளைய வாந்தி எடுக்க வைக்கணுமா?”

“நாப்பது நாள்தான.”

தள்ளிவிட்ட இடத்திலேயே நின்று பெனிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்கால ஜெபத்தில், பாட்டு வந்தபோது அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தமே வரவில்லை. அன்செல்ம் அவள் தலையைத் தடவி, “சமத்து” என்றார். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து ஐந்து தோசை சாப்பிட்டார்.

எனக்குத்தான் குமட்டியது.