தறிக்குழியில் இரண்டு கால்கள்

1978-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் விடாது பெய்த மழை அன்று காலையில்தான் ஓய்ந்திருந்தது. ஆரணித் தெருக்களின் ஈரத்தில் இளவெயில் பளபளத்தது.

“ரெண்டு காலும் போன மனுஷன் வீட்டுல தறிச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதே! இது என்னம்மா மாயம்?”

வாசலில் நின்று இவ்வாறு வினவியவர் இராஜமாணிக்கம். வேலூரிலிருந்து வந்த இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணையாளர். ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்த உண்ணாமலை எழுந்து நின்றாள்.

“மாயம் ஒண்ணுமில்லீங்க. உள்ள வந்து பாருங்க.”

அவளுடைய கணவர் கந்தசாமி, சென்ற ஆண்டு மாசி மாதம் களம்பூர்ச் சாலையில் சைக்கிளில் வந்தபோது நெல் லாரி ஒன்றின் சக்கரத்தில் அகப்பட்டு, இரு கால்களையும் முழங்காலுக்குமேல் இழந்தவர். இனி நெய்ய இயலாது என்று நீதிமன்றத்தில், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டிருந்தார். அது மெய்தானா என்று பார்க்கவே இராஜமாணிக்கம் முன்னறிவிப்பின்றி வந்திருந்தார். பொய்யாக இருந்துவிட்டால் அவருக்குக் கம்பெனியில் நல்ல பெயர் கிடைக்கும்.

உள்ளே கந்தசாமி தறியில் அமர்ந்திருந்தார். பின்னால் நட்ட கட்டையோடு இடுப்பைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார். கை கயிற்றை இழுக்க, தறியில் நீளவாக்கில் கட்டிய மாம்பழ நிறப் பாவு நூல்களின் ஊடே, ஊடைநூல் ஏந்திய நாடா இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பறந்தது. அவரோடு தோள் உரச மற்றோர் ஆள் உட்கார்ந்திருந்தான். சேலைக்குக் கரை சேர்க்க ஒரு தறியில் இருவர் அமர்வது ஆரணியில் வழக்கம். ஆகவே இராஜமாணிக்கம் அவனைப் பொருட்படுத்தவில்லை.

“நெய்ய முடியலைன்னு மனுவுல எழுதிட்டு, இப்படிப் பொளந்து கட்டறீங்களே! கையால செய்யற வேலைக்குக் கால் எதுக்குய்யா?”

கந்தசாமி சிரித்தார். “கொஞ்சம் குனிஞ்சு குழிக்குள்ள பாருங்க சார்.”

இராஜமாணிக்கம் குனிந்தார். தறிக்குழியில் இரண்டே இரண்டு கால்கள் இருந்தன. இரண்டும் அந்த மற்றோர் ஆளுடையவை. அவை மிதிபலகைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தன.

“இவன் மிதிச்சாத்தான் பாவு வாய் தொறக்கும். தொறந்தாத்தான் நான் நாடாவை ஓட்ட முடியும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளுங்க!”

“மொதல்ல பெரிய பேஜாருங்க,” என்றாள் உண்ணாமலை. “இவரு இழுக்கறதுக்குள்ள தம்பி மிதிச்சிடும். நூலு அறுந்துபோவும். மூணு மாசம் சண்டை போட்டுகினே இருந்தாங்க.”

“இன்னிக்கு மட்டும் இன்னா வாழுது? டேய், ஜல்தி பண்ணாதடா!” என்றார் கந்தசாமி.

“ஜல்தி பண்ணிப் பட்டதே போதும்ணா,” என்றான் அவன், தலை நிமிராமல்.

இராஜமாணிக்கம் மீண்டும் குனிந்து பார்த்தார். ஒருவனுடைய காலும் மற்றொருவனுடைய கையும் இமைப்பொழுதும் பிசகாமல் இயங்கின. இழப்பீட்டுப் பணத்துக்காக உடன்பிறந்தோர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வீடுகளையே அவர் இதுவரை கண்டிருந்தார்.

“கூடப் பொறந்தவரா?”

“கூடப் பொறந்தவன் ஒரு வருஷமா இப்படிக் குழியில எறங்கி ஒக்காருவானா சார்?”

உண்ணாமலை காப்பி கொண்டுவந்து, வந்தவருக்கு ஒன்றும் மிதிப்பவனுக்கு ஒன்றும் கொடுத்தாள். காப்பியைக் குடித்து முடித்த இராஜமாணிக்கத்தின் குரல் தணிந்திருந்தது.

“நீங்க தனியா நெய்ய முடியாதுன்னு எழுதிடறேன். ஆனா அது பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான். நீங்களா தடுமாறிச் சக்கரத்துல விழுந்தீங்கன்னு லாரி முதலாளி சொல்றாரு. டிரைவரும் பம்பாய்க்கு ஓடிட்டானாம். தப்பு லாரி மேலதான்னு சொல்ல ஒரு சாட்சி இல்லேன்னா கேஸ் நிக்காது. யாராவது பார்த்தாங்களா?”

நாடா நின்றது. உண்ணாமலை கணவரைப் பார்த்தாள். கந்தசாமி பாவு நூலைப் பார்த்தார்.

“யாரும் இல்லீங்க.”

“அண்ணா...”

“நீ மிதிடா!”

இராஜமாணிக்கம் அறிக்கையை எழுதி முடித்தார். “நான் நேர்ல வந்து தறியைப் பார்த்ததுக்கு அத்தாட்சியா மிதிக்கறவர் ஒரு கையெழுத்துப் போடட்டும். பேரு, ஊரு, தொழில் சொல்லுப்பா.”

“அதெல்லாம் எதுக்கு சார்? கூலி ஆளுன்னு போட்டுக்குங்க,” என்று பதறினார் கந்தசாமி.

ஆனால் அவன் குழியிலிருந்து ஏறி வந்துவிட்டான். அவனைத் தடுக்கக் கந்தசாமி எழ முயன்றார். இடுப்பிலிருந்த துண்டு இழுத்துப் பிடித்தது.

“வாணாம்டா! ஒனக்கு மூணு புள்ளைங்கடா!”

“இதையே சொல்லிச் சொல்லி ஒரு வருஷமா என் வாயை அடைச்சிகினு கீறீங்கண்ணா.” அவன் இராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். “எழுதிக்குங்க சார். பேரு தருமன். ஊரு களம்பூர். தொழிலு, லாரி டிரைவர். பம்பாய்க்கு ஓடிட்டான்னு முதலாளி சொன்னாரே, அது நான்தான். அன்னிக்கு நேரத்துக்குப் பிரேக்கை மிதிக்காத காலு இதான் சார்.”

தருமன் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிய பின், ‘விசாரணை முடிவுற்ற நேரம்’ என்ற இடத்தில் இராஜமாணிக்கம் எழுதினார்: பகல் மணி பதினொன்று நாற்பது.