ஆறு முத்து வைத்த கவுன்

சித்ரகலாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

திருப்பூரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருப்பவள் வாடிக்கையாளரைப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடாதுதான். ஆனால் வந்து அரை மணி நேரமாகிறது. மாட்டியிருந்த புது மாடல் எதையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மடித்து வைத்திருந்த சாதா பனியன் துணி கவுன்களை எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர் ரோஸ்மேரி என்றும், நாசரேத் பக்கம் என்றும், இங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்றும் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது.

சித்ரகலா ஜிகினா வைத்த கவுன் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதுதானுங்க இப்ப ஓடற மாடல். ரீல்ஸ்ல எல்லாம் இதேதானுங்க."

"உள்ள குத்தும்லாக்கா. எம்புள்ளைக்கு ஒன்றர வயசு. பட்டன், மணி ஒண்ணும் இல்லாம இருந்தாக் குடுங்க."

கையில் காசில்லை, அதை இப்படிச் சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சித்ரகலா. இரக்கம்கூட வந்தது. கடைக்காரர்களுக்கு வரும் இரக்கத்தால் விலை ஒன்றும் குறைந்துவிடாது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் பார்வையைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, சித்ரகலாவின் மகள் தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அதே ஒன்றரை வயதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் புதிதாக வந்த மாடலை மகளுக்குப் போட்டு உட்கார வைப்பது சித்ரகலாவின் வழக்கம். சாயங்காலத்துக்குள் அந்த மாடலில் நாலு கவுனாவது விற்றுவிடும். இன்றைக்கு நெஞ்சில் வரிசையாக முத்து பட்டன் வைத்த ரோஸ் கவுன்.

உள்ளே நுழையும்போதே ரோஸ்மேரி அந்தக் குழந்தையை நின்று பார்த்தாள். இப்போது மறுபடியும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, கண் கொட்டாமல் பார்த்தாள்.

சித்ரகலா அவசரமாகப் பாய்ப் பக்கம் போனாள். குழந்தையை அந்தப் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துவிட்டு, கணவனுக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, கடை சாத்த வர்றப்ப உப்பும் மொளகாயும் எடுத்துட்டு வாங்க," என்றாள் மெதுவாக. "ஒரு பொம்பள நம்ம பாப்பாவையே பாத்துட்டு நிக்கறாங்க. கண்ணு பட்டுருமுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ரோஸ்மேரி பாய்க்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"உங்களுக்கு என்னங்க வேணும்?" சித்ரகலாவின் குரல் கடுத்தது.

"கோவப்படாதீங்கக்கா. நான் உள்ள வரும்போது பாப்பா கவுன்ல ஆறு முத்து இருந்திச்சு. இப்ப அஞ்சுதான் இருக்கு. வாயக் கொஞ்சம் பாருங்க."

சித்ரகலா பார்த்தாள். மூன்றாவது முத்து இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. குழந்தை உதட்டை இறுக்க மூடிக்கொண்டு சிரித்தது. இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது.

விரலை விட்டாள். எச்சிலோடு முத்து வந்தது.

இருமவில்லை, அழவில்லை. அதைத் திருப்பித் தரச் சொல்லிக் குழந்தை கையை நீட்டியது. சித்ரகலாதான் முத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு, பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கேன்," என்றாள் ரோஸ்மேரி, ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல. "எந்தத் துணியப் பாத்தாலும் மொதல்ல பட்டன எண்ணிருதேன்க்கா."

சாதா கவுன் இரண்டு எடுத்து, பில் போட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும், மடித்து வைத்திருந்ததில் இன்னொன்றை எடுத்தாள் சித்ரகலா. உள்பக்கத்தைத் திருப்பினாள். தையலைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மகளுக்கு அதைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் கணவன் வேல்குமார் பொட்டலத்தோடு வந்தான்.

"உப்பு மொளகா கொண்டாந்துட்டேன். அந்தப் பொம்பள கண்ணு பட்டிருக்கும்னியே, சுத்திப் போட்டரலாமா?"

"வேண்டாங்க," என்றாள் சித்ரகலா. "அந்தக் கண்ணு நம்ம பாப்பா மேலயே இருக்கட்டுங்க."